கடைமடைக்கும் நீர் பாய வேண்டும்: நெடுந்தொடர்களும் அவற்றின் மாந்தர் கூட்டமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசியிலிருந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையிலே, புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் இடையில் அமைந்துள்ள பேரூர் வாசுதேவநல்லூர். மலையில் பெய்யும் மழை ஓடைகளாய் இறங்கிக் குளங்களை நிரப்ப, அக்குளங்களை நம்பி வயல்கள் வாழ்கின்ற வட்டாரம் அது. குளத்துப் பாசனம் அறிந்தோர்க்கு இரண்டு சொற்கள் நன்கு தெரியும். ஒன்று தலைமடை, மற்றொன்று கடைமடை. தலைமடை வயலுக்கு நீர் கேளாமலே வரும். கடைமடை வயலோ தன் முறைக்காகக் காத்துக் கிடக்கும். குளம் நிறைந்திருந்தும் கடைமடை காய்ந்துபோவதுண்டு. அப்படி நேர்ந்தால் ஊரார் குளத்தைக் குறை கூறமாட்டார்கள். முறை வைத்தவரைத்தான் கேட்பார்கள்.

மாலை மயங்கியதும் நம் வீடுகளில் ஒளிரத் தொடங்கும் தொலைக்காட்சி நெடுந்தொடருக்கும் இதே நியாயம் பொருந்தும். இருபது, முப்பது மாந்தர். நாள்தோறும் அரைமணி நேரம். அதிலும் விளம்பரம் போக எஞ்சுவது இருபது நிமிடத்தைச் சற்றே தாண்டும். இந்தச் சிறு நீரை இத்தனை வயல்களுக்கு எவ்வாறு பங்கிடுவது? யாருக்கு முதல் முறை, யாருக்குக் கடைசி முறை, யாருக்கு முறையே இல்லை? இக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளின் வரலாற்றையே ஈண்டு நாம் நோக்கப் புகுகின்றோம். பொழுதுபோக்கைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. ஒரு சமுதாயம் தன் கதையில் யாருக்கு இடம் தருகிறது என்பது, தன் தெருவில் யாரை அண்டை வீட்டாராக எண்ணுகிறது என்பதன் அடையாளமாகும்.

நெடுங்கதை தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. ஆயிரத்தொரு இரவுகள் என்னும் அரபுக் கதைத் தொகுதியை அறியாதார் யார்? பொழுது விடியும் வேளையில் கதையை நிறுத்தி, அடுத்த இரவுக்குக் கேட்பவரை ஏங்க வைத்த ஷஹர்ஸாதின் உத்தியையே இன்றைய தொடர்கள் கையாளுகின்றன. அக்கதைகளில் ஒரு மாந்தர் தம் கதையைச் சொல்லும்போது அதனுள்ளே வேறொருவர் புகுந்து தம் கதையைத் தொடங்குவார். மீனவர், வணிகர், சுமை தூக்குவோர், தையற்காரர், கலீபா என அனைவருக்கும் வாய் திறந்து பேச ஒரு முறை கிடைத்தது. பலரைத் தாங்கும் கதைக்கு அது ஒரு வழி. கதைக்குள் கதை வைத்து, சொல்லும் உரிமையைக் கைமாற்றும் வழி அது.

தமிழில் நமக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு உமறுப் புலவரின் சீறாப்புராணம். அத்திருநூலின் பொருளை இன்றைய கேளிக்கைக் கதைகளோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று; பல மாந்தரை வரிசைப்படுத்திய புலமையை மட்டுமே எண்ணிப் பார்க்கின்றோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள்; விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்கள். நடுநாயகமாக நபி (ஸல்) அவர்களின் திருவாழ்வு நிற்கின்றது. அதனைச் சூழ்ந்து தோழர்களும் பகைவர்களும் பயணிகளும் எளியோரும் தத்தம் படலத்தில் வந்து, தம் செயலால் கதையை ஓர் அடி முன்னே நகர்த்திவிட்டு விலகுகின்றனர். நடுவில் ஒரு நிலையான தூண், அதைச் சுற்றி முறை வைத்து வரும் மாந்தர் என்பது மற்றொரு வழி.

மூன்றாவது வழி வார இதழ்களில் பிறந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் வெளிவந்தது. அதில் வரும் மன்னர், இளவரசியர், சிற்றரசர், ஓடக்காரப் பெண், ஒற்றர் ஆகியோரை எண்ணி முடியாது. அத்தனை பேரையும் வாசகர் மறக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் வந்தியத்தேவன். அவன் ஓலை கொண்டு செல்லும் தூதன். அவன் செல்லுமிடமெல்லாம் கதையும் செல்கிறது. பிரிந்து கிடக்கும் மாந்தரை அவன் பயணம் இணைக்கிறது. இம்மூன்று வழிகளையும் நினைவில் கொண்டால், பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும் செய்தவை எளிதில் விளங்கும்.

நாள்தோறும் நிகழும் குடும்பத் தொடர் அமெரிக்க வானொலியில் 1930களில் வேரூன்றியது. பகலில் வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்த பெண்களைக் கேட்க வைத்து, அவர்களிடம் சோப்பு விற்க விரும்பிய நிறுவனங்கள் இந்நாடகங்களுக்குப் பணம் கொடுத்தன. ‘சோப் ஆப்பரா’ என்ற பெயர் அதனாலேயே வந்தது. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் இர்னா பிலிப்ஸ் என்னும் பெண் எழுத்தாளர். அவர் உருவாக்கிய ‘கைடிங் லைட்’ 1937 ஜனவரியில் வானொலியில் பதினைந்து நிமிட நாடகமாய்த் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கதை ஓடிற்று! தொடக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் போதகரை நடுவாக வைத்திருந்த அக்கதை, 1948இல் பாவர் என்னும் குடும்பத்தை உள்ளே கொணர்ந்து, நாளடைவில் அதனையே நடுவாக்கிக் கொண்டது. நீண்ட தொடரில் தூணும் இடம் மாறலாம் என்பதும், மூத்தோர் ஒதுங்க இளையோர் நடுவுக்கு வருவதே அதன் ஆயுளை நீட்டிக்கும் என்பதும் அத்தொடர் உலகுக்குக் கற்பித்த பாடங்கள்.

இங்கிலாந்தில் 1960 டிசம்பர் 9ஆம் நாள் தொடங்கிய ‘கொரொனேஷன் ஸ்ட்ரீட்’ வேறொரு விடை தந்தது. அங்கே நாயகன் என்று ஒருவர் இல்லை. ஒரு தெருவே நாயகன். தொழிலாளர் வாழும் அத்தெருவின் வீடுகளும், ஒரு மூலைக் கடையும், எல்லாரும் வந்து கூடும் ஒரு விடுதியும்தாம் கதையைத் தாங்குகின்றன. ஒரு வீட்டில் மணமுறிவு, மறு வீட்டில் வேலையிழப்பு, மூன்றாம் வீட்டில் நகைப்புக்கிடமான ஒரு சில்லறைச் சண்டை என மூன்று கதைகள் ஒரே நாளில் ஓடும். பெரிய துயரம் ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றொன்று தணிந்து நிற்கும். மூன்றாவது அப்போதுதான் முளைவிடும். முதற்கதை முடிந்ததும் இரண்டாவது மேலெழும். உச்சத்தில் நின்ற குடும்பம் சில மாதங்கள் பின்னணிக்குச் சென்று ஓய்வு கொள்ளும். இதுவே முறைப் பாசனம். முதல் நாளில் கென் பார்லோ என்னும் இளைஞனாக வந்த வில்லியம் ரோச், தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் அதே பாத்திரத்தில் தோன்றி வருகிறார். அறுபது ஆண்டுக்கு மேல் ஒருவர் நிலைத்திருக்க முடிந்தது, அவர் எந்நாளும் முன்னே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமையால்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிற்று. ஆயினும் இந்தியாவில் குடும்ப நெடுந்தொடரின் வரலாறு 1984 ஜூலை 7ஆம் நாள் தூர்தர்ஷனில் வெளியான ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடரிலிருந்தே கணக்கிடப்படுகிறது. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதியது, பி. குமார் வாசுதேவ் இயக்கியது. குடிகாரத் தந்தை, அடங்கி ஒடுங்கிய தாய், மூன்று பெண்மக்கள், இரண்டு ஆண்மக்கள், பாட்டன், பாட்டி என ஒரு நடுத்தரக் குடும்பமே அதன் உலகம். அதன் பின்னே மெக்சிகோ நாட்டின் மிகேல் சாபிதோ வகுத்த ஒரு முறை இருந்தது. மாந்தரை மூவகையாக்க வேண்டும் என்பது அவர் கருத்து: நல்வழி நிற்போர், தீவழி நிற்போர், இரண்டுக்கும் இடையே தடுமாறுவோர். இம்மூன்றாம் வகையினர்தாம் கதையின் உயிர்நாடி. அவர்கள் எப்பக்கம் சாய்வார்கள் என்று காண்போர் கவலைப்படுவர். அந்தக் கவலையிலேயே படிப்பினை தங்கும்.

‘ஹம் லோக்’ தொடக்க வாரங்களில் மிகுதியாக உபதேசம் செய்தது. மக்கள் முகம் சுளித்தனர். எழுத்தாளர் உபதேசத்தைக் குறைத்து, ஒவ்வொரு மாந்தரின் ஆசைக்கும் அச்சத்துக்கும் இடம் கொடுத்த பின்னரே வீடுகள் அதனை ஏற்றன. இலட்சக்கணக்கான கடிதங்கள் வந்தன. ஒவ்வொரு நாளின் இறுதியிலும் மூத்த நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று நிகழ்ந்ததைத் தொகுத்துக் காண்போரிடம் பேசுவார். சிதறிய கிளைக்கதைகளை ஒரு முடிச்சில் கட்டிய கை அது. ஆயினும் ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். எல்லாக் கொடுமையையும் வாய் திறவாமல் தாங்கும் தாயை, ‘இவ்வாறு இருத்தல் கூடாது’ என்பதற்கு எடுத்துக்காட்டாகவே படைத்திருந்தனர். பார்த்த பெண்கள் பலரோ அவளையே முன்மாதிரியாகக் கொண்டனர். மாந்தரைத் தராசில் நிறுப்பது எழுத்தாளர் மட்டும் அல்லர். எதிரே அமர்ந்திருக்கும் குடும்பமும் தன் தராசோடுதான் அமர்ந்திருக்கிறது.

1986இல் வந்த ‘நுக்கட்’ தொடரையும் இங்கே நினைவுகூர்தல் தகும். குந்தன் ஷா, சயீத் அக்தர் மிர்சா ஆகியோர் இயக்கிய அது, ஒரு தெருமுனையில் கூடும் ஏழை எளியவர்களின் கதை. மின்பணியாளர், மிதிவண்டி பழுது பார்ப்பவர், பள்ளி ஆசிரியை, குடிப்பழக்கத்தில் வீழ்ந்தவர், உணவுக்கடை நடத்தும் காதர் பாய் என்று பலர். காதர் பாய் முஸ்லிம் என்பதற்காகத் தனியே ஒரு நாள் ஒதுக்கி அவரைப் புகழவுமில்லை, ஐயத்துக்குரியவராகக் காட்டவுமில்லை. அவர் கடையில் கணக்கு வைத்துச் சாப்பிடுபவர்கள் கடன் சொல்வார்கள், அவர் சினந்து கொள்வார், மறுநாளும் பரிமாறுவார். தெருவின் வாழ்வில் அவருக்கொரு வேலை இருந்தது. ஆதலால் கதையிலும் அவருக்கொரு முறை இருந்தது. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

தமிழில் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14இல் தொடங்கியது. 1999 டிசம்பரில் வெளியாகத் தொடங்கிய ‘சித்தி’, இரவு உணவு நேரத்தையே மாற்றி வைத்த தொடர் என்று சொல்லலாம். அதன் அமைப்பு தூண் அமைப்பு. ராதிகா ஏற்ற சாரதா என்னும் பெண்ணே நடு. ஏனையோர் அவளோடு உள்ள உறவினால்தான் கதையில் இருக்கிறார்கள். இவ்வமைப்பில் ஒரு வசதி உண்டு: காண்போர் வழி தவற மாட்டார்கள். ஓர் இடரும் உண்டு: தூண் இல்லாத காட்சி எதுவும் வலுப்பெறாது.

2002இல் தொடங்கி 2005 வரை 811 பகுதிகள் ஓடிய ‘மெட்டி ஒலி’ அமைப்பை மாற்றியது. இயக்கியவர் திருமுருகன், கோபி என்னும் பாத்திரத்தில் அவரே நடித்தார். தாயில்லாத ஐந்து பெண்களை வளர்க்கும் சிதம்பரம் என்னும் தந்தையின் வீடே வேர். பெண்கள் மணமாகிப் போகப் போக, வேர் ஒன்றிலிருந்து கிளைகள் பிரிகின்றன. தனம் ஒரு வீட்டில், சரோ ஒரு வீட்டில், லீலா ஒரு வீட்டில் என்று ஒவ்வொரு புகுந்த வீடும் தனக்கென மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்ற படையோடு வந்தது. மாந்தர் தொகை பெருகிற்று. ஆயினும் குழப்பம் எழவில்லை. ஏனெனில் எந்தக் கிளையில் காற்றடித்தாலும் அசைவது வேர்தான். சரோவுக்கு அவள் கணவன் மாணிக்கம் செய்த கொடுமை சிதம்பரத்தின் நெஞ்சில் வந்து விழும்; அங்கிருந்து மற்றைச் சகோதரிகளின் வீடுகளுக்கும் பரவும். ஒருவர் செய்தது மற்றவர் வாழ்வை மாற்ற வேண்டும் என்ற விதியே இங்கு மாந்தர் கூட்டத்தைக் கட்டிக் காத்தது. நிமிடக் கணக்கை எண்ணிப் பார்த்தால் ஐந்து பெண்களுக்கும் சமமான நேரம் கிடைத்திராது. ஆயினும் ஒருத்தியின் துயரமும் பயனின்றிப் போகவில்லை. நாம் சமநிலை என்று சொல்வது இதைத்தான்.

2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்த ‘கோலங்கள்’ 1,533 பகுதிகள் ஓடியது. திருச்செல்வம் இயக்கிய அதில் தேவயானி ஏற்ற அபியும் அவளுடைய பகைவன் ஆதியும் இரு துருவங்கள். இங்கே இரு கட்சி அமைப்பு. மற்ற மாந்தர் ஏதேனும் ஒரு கட்சியில் நிற்பர், அல்லது கட்சி மாறுவர். ஆறு ஆண்டுகள் ஒரு பகையை அணையாமல் காப்பது எளிதன்று. அதனால் பகைவனின் சூழ்ச்சி மேன்மேலும் பெருக வேண்டியதாயிற்று. அதன் பின்வந்த தொடர்கள் பல, அபியின் உழைப்பை விட்டுவிட்டு ஆதியின் சூழ்ச்சியை மட்டும் கற்றுக்கொண்டன என்பது நம் கருத்து. நம் வீடுகளில் பெரியோர் தொடர்களைக் குறைகூறுவது பெரும்பாலும் இச்சூழ்ச்சிக் காட்சிகளை எண்ணியே. தீயவர் ஒருவருக்கே நீரெல்லாம் பாய்ந்தால் எஞ்சிய வயல்கள் வறளும் அல்லவா?

பங்கீட்டின் மறைவான காரணங்கள் சில உண்டு. அவற்றையும் அறிதல் நலம். நடிகர்களுக்கு நாள்கணக்கில் ஊதியம். ஒருவர் மாதத்தில் எத்தனை நாள் தருவார் என்பதைப் பொறுத்தே அவர் பாத்திரத்தின் பங்கு அமையும். நாள் தராதவர் கதையில் வெளியூர் போய்விடுவார். எல்லாரும் ஒரே நாளில் கிடைத்துவிட்டால் ஒரு திருமணமோ வளைகாப்போ வந்துவிடும். அந்த ஒரு மண்டபத்தில் எடுத்த காட்சி வாரக்கணக்கில் ஓடும். அதிர்ச்சிச் செய்தி ஒன்று கூறப்பட்டதும், ஒளிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் முகமாகச் சென்று நின்று இசையோடு திரும்புவதைக் கண்டு நாம் நகைப்பதுண்டு. வசனம் இல்லாதவர்க்கும் அன்றைய நாளில் ஒரு பங்கு தரும் மலிவான வழி அது. கூட்டுக் குடும்பக் கதைகள் பெருகியதற்கும் இதுவே ஒரு காரணம்: ஒரே வீட்டில் பத்துப் பேரை வைத்துக் கதை நடத்தலாம். இவற்றுக்கெல்லாம் மேலே, வாரந்தோறும் வரும் பார்வையாளர் கணக்கு நிற்கிறது. எவர் வந்தபோது கணக்கு ஏறிற்றோ அவரை நீட்டுவார்கள். எவர் வந்தபோது இறங்கிற்றோ அவரைச் சுருக்குவார்கள். நீர்முறையைச் சந்தை வகுக்கத் தொடங்கிவிட்டால் கடைமடையின் குரல் எவர் செவியிலும் விழாது.

மாந்தர் கூட்டம் உண்மையில் உறுதியாக உள்ளதா என்பதை மரணம் சோதித்துவிடும். குன்றக்குடியை நிலைக்களனாகக் கொண்டு 2018 முதல் 2023 வரை விஜய் தொலைக்காட்சியில் ஓடிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’, நான்கு சகோதரர்களும் அவர்தம் மனைவியரும் ஒரு மளிகைக் கடையை நம்பி வாழும் கதை. அதில் முல்லை என்னும் மருமகளாக நடித்த இளம் நடிகை 2020 டிசம்பரில் காலமானார். மக்கள் மனம் கலங்கிற்று. வேறொருவர் அப்பாத்திரத்தை ஏற்க, கதை நின்றுவிடவில்லை. கடை திறந்தே இருந்தது. மூத்த அண்ணி தனமும் மற்ற மருமக்களும் பாரத்தைப் பகிர்ந்து கொண்டனர். அவ்வாறே, ‘கோலங்கள்’ இயக்கிய திருச்செல்வமே 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில், குடும்பத்தை அடக்கியாளும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8இல் மறைந்தார். அவரைத் தொடர்ந்து வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தில் வந்தார். முன்னவர் பெற்றிருந்த செல்வாக்கு பெரிது. இழப்பும் பெரிதாகவே உணரப்பட்டது. எனினும் அவ்வீட்டின் நான்கு மருமக்களும் தத்தம் விடுதலைக்கு முயலும் கதை ஏற்கெனவே வலுப்பெற்றிருந்ததால், 2024 வரை தொடர் நடந்தது. ஒருவரே தாங்கும் கதை அவரோடு சாயும். பலர் தாங்கும் கதை ஒருவரை இழந்தும் நடக்கும்.

இதுவரை நாம் கண்டவை முறை வைப்பதைப் பற்றியவை. இனி, ஆயக்கட்டிலேயே சேர்க்கப்படாத வயல்களைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டும். மேலே கூறிய தமிழ்த் தொடர்கள் ஒவ்வொன்றிலும் நடுக் குடும்பம் இந்துக் குடும்பமே. அதில் பிழை ஒன்றும் இல்லை; நாட்டில் பெரும்பான்மை அதுதானே. ஆனால் தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் என எந்த ஊரின் கடைத்தெருவுக்குச் சென்றாலும் முஸ்லிம் வணிகரும் நெசவாளரும் தையற்காரரும் ஆசிரியரும் அன்றாட வாழ்வில் கலந்திருப்பதைக் காணலாம். ஆண்டுக்கணக்கில் ஓடும் கதைகளில் அவர்கள் பெரும்பாலும் பெருநாளன்று பிரியாணி கொண்டு வரும் ‘பாய்’ ஆக ஒரு நாள் தோன்றுவர். அவருக்கு மகள் உண்டா, கடன் உண்டா, கோபம் உண்டா என்பது நமக்குத் தெரியவராது. மிக நல்லவராகக் காட்டப்படுவதால் நாம் மகிழ்ந்துவிடுகின்றோம். ஆனால் குறையே இல்லாத மாந்தருக்குக் கதையில் வேலையும் இல்லை. தடுமாறும் உரிமை பெற்றவரே கதையில் குடியுரிமை பெற்றவர். ‘நுக்கட்’டின் காதர் பாய்க்கு அந்த உரிமை இருந்தது.

வேறிடங்களில் என்ன நடந்தது? இங்கிலாந்தில் 1985இல் தொடங்கிய ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் 2007இல் மசூத் என்னும் பாகிஸ்தானிய வழி முஸ்லிம் குடும்பம் குடியேறிற்று. அஞ்சலகப் பணி, கணவன் மனைவி ஊடல், பிள்ளைகளின் போக்கு, பெற்றோரின் வருத்தம் என்று பல ஆண்டுகள் அவர்களும் அச்சதுக்கத்தின் கதையில் முறை பெற்றனர். அவர்களைக் காட்டிய விதம் பற்றி முஸ்லிம்களிடையே கண்டனமும் எழுந்ததுண்டு. ஆயினும் கண்டிப்பதற்கேனும் அங்கே ஒரு குடும்பம் இருந்தது. சிரியா நாட்டில் பஸ்ஸாம் அல்மல்லா இயக்கி 2006 ரமளானில் வெளியான ‘பாபுல் ஹாரா’ என்னும் தொடர், டமாஸ்கஸ் நகரின் பழைய தெரு ஒன்றைச் சித்திரித்தது. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த நம்மவர் பலர் அதன் பெயரையேனும் அறிவர். முடிதிருத்துநரும் மருத்துவருமான அபூ இஸாம், தெருத் தலைவர், காவலர், வீட்டுப் பெண்கள் என்று ஒரு முழு மஹல்லாவே அதில் உயிர் பெற்றது. நோன்பு மாதத்துக்கு ஏற்ப முப்பது நாளளவில் ஒரு பருவம் முடிந்துவிடும். முடிவு நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் ஒவ்வொரு மாந்தருக்கும் எவ்வளவு நீர் என்று கணக்கிட முடிகிறது. முடிவே இல்லாத நம் தொடர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

நம் வட்டார வரலாற்றையே ஒரு நெடுந்தொடராக எழுதப் புகுவோம் என்று வைத்துக் கொள்வோம். வாசுதேவநல்லூரில் நெற்கட்டும்செவல் பாளையத்தை ஆண்ட புலித்தேவரின் கோட்டை ஒன்று இருந்தது. 1750களின் பிற்பகுதியில் நடந்த போர்களில் கும்பினியாரின் தளபதி யூசுப்கான் பாளையக்காரர்களை எதிர்த்து வந்தார், இக்கோட்டையையும் தாக்கினார். 1767இல் கர்னல் டொனால்ட் கேம்பல் அதனைக் கைப்பற்றினார். மண்ணால் கட்டிய அக்கோட்டையின் உறுதியையும் உள்ளிருந்தோரின் துணிவையும் அவர் வியந்து எழுதியதைக் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் எடுத்துக் காட்டுகிறார்.

இக்கதையை இரு கட்சியாகப் பிரித்து எழுதுவது எளிது: ஒரு புறம் மண்ணின் மைந்தர், மறுபுறம் யூசுப்கான். அவ்வாறு எழுதினால் கதையில் வரும் ஒரே முஸ்லிம் பகைவராகவே நிற்பார். ஆனால் ஏடுகள் காட்டும் மாந்தர் கூட்டம் அதனினும் பெரிது. மயானா, மூடேமியா, நபிகான் கட்டாக் என்னும் பட்டாணியத் தலைவர்கள் மூவர் புலித்தேவரோடு கூட்டுச் சேர்ந்து ஆர்க்காட்டு நவாபையும் கும்பினியாரையும் எதிர்த்தனர். நவாப் முகம்மது அலியின் தமையன் மாபூஸ்கானோ, தென்சீமையை அடக்க அனுப்பப்பட்டவர். பின்னர் புலித்தேவர் பக்கமே வந்து சேர்ந்தார். சாபிதோ சொன்ன தடுமாறும் மாந்தருக்கு இவரினும் சிறந்த எடுத்துக்காட்டு ஏது? யூசுப்கானும் இறுதிவரை கும்பினியாரின் ஆளாக இருக்கவில்லை. அவர்களோடு முரண்பட்டு மதுரைக் கோட்டையில் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். புலித்தேவர் படையில் ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி போன்றோர் நின்றதை மக்கள் மரபு மறவாமல் போற்றுகிறது. இத்தனை பேருக்கும் முறை வைத்து எழுதினால், எந்தச் சமூகமும் முழுக்கப் பகைவராகவோ முழுக்கத் தியாகியாகவோ நில்லாது. எல்லாச் சமூகத்திலும் எல்லா வகை மாந்தரும் உண்டு என்ற உண்மை தானே வெளிப்படும். மாந்தரைக் குறைத்தால் வரலாறு வசையாகிவிடும்; கூட்டி முறை வைத்தால் அது வரலாறாகவே இருக்கும். சமநிலை என்பது அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

இவ்வாறு எழுத நம்மிடம் ஆளில்லையா? உண்டு. தோப்பில் முகம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து 1988இல் நூலாயிற்று. அதில் செருக்கு மிக்க முதலாளியும் உண்டு; அவருக்கு அஞ்சி ஒடுங்கும் ஏழைகளும் உண்டு; எதிர்த்து நிற்பவரும் உண்டு. ஓர் ஊரே அதன் நாயகன். அவருடைய ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்து, ஓர் ஊர்ப் பெண்கள் பலரின் வாழ்வை, நாயகி என்ற பட்டம் எவருக்கும் சூட்டாமல் சொல்லிற்று. இந்நூல்களோடு கருத்து மாறுபடுவோர் நம்மிடையே உண்டு, மாறுபடலாம். ஆயினும் பலரைச் சுமக்கும் நெடுங்கதையை எழுதும் ஆற்றல் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு இவை சான்று. காகிதத்தில் கைகூடியது திரையிலும் கைகூடும்.

ஆகவே, தொடர் பார்ப்பது கூடுமா கூடாதா என்ற வாதத்தோடு நாம் நின்றுவிடுவது போதாது. பார்க்கின்ற குடும்பம் கேள்வியோடு பார்க்கட்டும். இன்று யாருக்கு முறை வந்தது? யார் பேசாமல் நின்றார்? வேலைக்காரப் பெண்ணுக்குப் பெயர் உண்டா? சூழ்ச்சி செய்தவருக்கு எவ்வளவு நேரம், அதனால் துன்புற்றவருக்கு எவ்வளவு நேரம்? அடுத்த வீட்டார் இத்தனை ஆண்டில் ஒரு நாளேனும் தம் கதையைச் சொன்னாரா? பிள்ளைகளோடு அமர்ந்து இக்கேள்விகளைக் கேட்டால், தொடர் முடிந்தபின் நடக்கும் அந்தப் பேச்சே ஒரு பள்ளியாகும். நம் இளைஞர்களில் எழுத வல்லோர் இக்கேள்விகளுக்கு விடையாகத் தாமே கதை எழுத முன்வரட்டும். புகழ் மட்டும் பேசும் மாந்தரைப் படைக்காமல், தவறி, வருந்தி, திருந்தி வாழும் மாந்தரைப் படைக்கட்டும். நம் வீட்டுக் கதையில் அண்டை வீட்டாருக்கு நாம் முறை வைத்தால், அவர்கள் வீட்டுக் கதையில் நமக்கும் முறை கேட்கும் தகுதி தானே வந்துசேரும்.